நட்டு நட்டோடு, வாஷர் வாஷரோடு

ஸ்டோர்காரர் தன் வாழ்நாளில் ஒரு திருகாணியைக்கூடத் திருகியதில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஒரு பேருந்தில் எத்தனை உறுப்பு உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும், "இது பிரேக்குல போடற ஸ்பிரிங், பழைய மாடல்" என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த ஸ்பிரிங் பேருந்துக்குள் எந்த மூலையில் உட்கார்கிறது என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பார். அது ஃபிட்டர் வேலை. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் பாடு. இவர் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பதோடு சரி.

"பழசு எங்கே?" என்பதுதான் பணிமனையில் அவர் அதிகம் பேசிய பேச்சு. தேய்ந்த உறுப்பைக் கொண்டுவந்து வைத்தால்தான் புதியது வெளியே போகும். மேலாளரே வந்து நின்றாலும் அதே கேள்விதான். கிடங்குக்குள் போய்ப் பார்க்க வேண்டும் அந்த அழகை! நட்டெல்லாம் நட்டோடு, போல்ட்டெல்லாம் போல்ட்டோடு, வாஷர்கள் சிறியதிலிருந்து பெரியதாக, ரப்பர் தனி, பித்தளை தனி. ஒரே ஒரு வாஷர் தவறிப்போய் நட்டுப் பெட்டியில் விழுந்துவிட்டால் அன்றைக்கு மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. இதையெல்லாம் எதற்கு இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது.

அவருக்கு வாய்த்த மனைவி சைக்கிள் கடைக்காரரின் மகள். சின்ன வயதில் பொம்மைக்குப் பதில் பெடல் கட்டையை வைத்துக்கொண்டு விளையாடியவள். கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மின்விசிறி கடகடவென்று கத்தியது. இவர் படுத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போயிடுச்சு" என்றார். என்ன அளவு பேரிங் என்பதையும் சொன்னார். மறுநாள் கடைக்குப் போய்ச் சரியாக அதையே வாங்கியும் வந்தார். வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, வேலை முடிந்ததுபோல் கையைத் தட்டிக்கொண்டார்.

"யாரு மாட்டுவாங்க?" என்று கேட்டாள் அவள்.

"அதான் வாங்கிட்டு வந்துட்டேனே!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அன்றைக்குப் பிரித்துக்கொண்ட வேலைதான், பிறகும் அப்படியே நடந்தது. அவர் வாங்கி வருவார், அவள் மாட்டுவாள். இஸ்திரிப் பெட்டி, கதவுத் தாழ்ப்பாள், மகளின் சைக்கிள், தையல் இயந்திரம் என்று அந்த வீட்டில் அவள் பிரித்துப் பார்க்காத பொருள் கிடையாது. பிஸ்கட் டப்பா ஒன்றில் ஸ்பேனரும் இடுக்கியும் திருப்புளியும் போட்டு வைத்திருப்பாள். அந்த டப்பாவை வேறு யாரும் தொட்டால் போச்சு, வீடு இரண்டாகிவிடும்.

அப்படிப்பட்டவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. ஒரு காலையில் டம்ளரை எடுக்கப் போனவள் எடுக்க முடியாமல் அப்படியே சரிந்தாள். பக்கவாதம் என்றார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது, இழுத்து இழுத்து நடக்கிறாள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய பையையோ பார்த்துக்கொள்ளச் சொன்னதுபோல உட்கார்ந்திருப்பாள்.

ஸ்டோர்காரரைக் கலங்கடித்தது கைகூட இல்லை. அவள் எதற்கும் மறுப்புச் சொல்வதை நிறுத்திவிட்டாள், அதுதான். உப்பில்லாத கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தால் சத்தமில்லாமல் குடித்தாள். ஜன்னலைத் திறக்கவா என்றால் "உங்க இஷ்டம்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவர் இஷ்டம் என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததாக அவருக்கே ஞாபகமில்லை. மகள் அம்மாவைத் தன் ஊருக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னபோது, அவர் தனியாக வந்து கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்.

"நீ என்ன சொல்றே? நம்ம வீட்டுக்கு வர்றியா, அவகூடப் போறியா?"

"எங்கே வச்சாலும் இருந்துக்கறேன்" என்றாள் அவள்.

ஆயுள் முழுக்கப் பொருள்களை இங்கே வை, அங்கே வை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் குத்தியது. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அங்கே நின்று அழுதார், வெட்கப்படாமல்.

மகளைக் குறை சொல்ல முடியாது. தங்கமான பெண். வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் தரையில் படுத்துக் கிடந்தவள். அவள் கேட்டது நியாயமான கேள்விதான்.

"அப்பா, உங்களுக்கு ஒரு டீ போடத் தெரியுமா? அம்மாவுக்கு எல்லாம் கைக்கு வாகா இருக்கணும். முதல்ல அம்மா தானே போய் மூஞ்சி கழுவிட்டு வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்த வாஷ்பேசின் இன்னும் அடைச்சுக்கிட்டுத்தானே இருக்கு?"

"அதெல்லாம் சரி பண்ணிடறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் ஸ்டோர்காரர்.

"சரி. நாளைக்கு டிஸ்சார்ஜ். நேரா வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வர்றேன். அம்மா அந்தக் குழாய்ல மூஞ்சி கழுவினா இங்கேயே இருக்கட்டும். இல்லன்னா என்கூட வரட்டும். இதுல இனிமே பேச்சே கிடையாது."

அந்த வாஷ்பேசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாய்க்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கினால் தொட்டிக்குள் இருக்கும் வட்ட மூடி இறங்கி அடைத்துக்கொள்ளும், அமுக்கினால் மூடி எழும்பித் தண்ணீருக்கு வழிவிடும். இவள் படுத்துக்கொள்வதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே அது மக்கர் செய்தது. "ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் பாக்கறேன்" என்றிருந்தாள். ஞாயிறு வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று. மூடி இறங்கியது இறங்கியதுதான். கம்பியை என்ன அமுக்கினாலும் அசைந்துகொடுக்கவில்லை. ஸ்டோர்காரர் சமையலறைக் குழாயில் முகம் கழுவப் பழகிக்கொண்டார். மறதியில் இங்கே குழாயைத் திறந்துவிட்டால், ஒரு குவளையை வைத்துக்கொண்டு தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்ற வேண்டியதுதான்.

டிஸ்சார்ஜ் அன்று காலையில் பிளம்பருக்குப் போன் போட்டார். "சாயங்காலம் வந்துடறேன் சார்" என்றான் அவன். பிளம்பர் சொல்லும் சாயங்காலம் எந்த நாள் சாயங்காலமோ, யார் கண்டது? ஸ்பூனை விட்டு நெம்பிப் பார்த்தார். வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். "ஏறித் தொலையேன்!" என்று திட்டியும் பார்த்தார். கடைசியில் பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்து, "கோவிச்சுக்காதே" என்று இன்னும் வீடு வந்து சேராத மனைவியிடம் சொல்லிவிட்டு வாஷ்பேசினுக்கு அடியில் தலையைக் கொடுத்தார்.

கொடுத்த பிறகு பார்த்தால் உள்ளே எல்லாம் தெரிந்த முகங்களாக இருந்தன. மேலே இருந்து இறங்கும் கம்பியில் துளை துளையாக ஒரு தகடு. அந்தத் தகட்டோடு ஒரு குறுக்குக் கம்பியைச் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு கிளிப். "அட, ஸ்பிரிங் கிளிப்பு!" என்று பழைய நண்பனைப் பார்த்ததுபோல மகிழ்ந்தார். குறுக்குக் கம்பியின் மறுமுனை வடிகுழாய்க்குள் போய் மூடியைத் தாங்க, நடுவில் கோலிக்குண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குண்டு, அதை இறுக்க ஒரு நட்டு. அதைக் கழற்றினார். சும்மா இருந்திருக்கலாம். கழற்றுவது இவ்வளவு சுலபமா என்ற தெம்பில் கீழே இருந்த வளைகுழாயையும் கழற்றினார். அதில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது.

மூடியை மேலே பிடித்து இழுத்ததும் அதோடு சேர்ந்து வந்தது ஒரு பெரிய முடிக்கற்றை. சோப்பும் அழுக்கும் அப்பிப்போய், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக. "ச்சை" என்று உதறப் போனவர் நின்றார். இது அவள் முடி. தினமும் காலையில் இங்கே நின்றுதான் தலை சீவுவாள். குப்பையில் போடத்தான் வேண்டும், போட்டார். ஆனால் ஈரத் தரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போட்டார்.

பிறகு வேகம் பிறந்தது. ஒவ்வொரு உறுப்பையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், கழுவினார், துடைத்தார். கூடத்தில் செய்தித்தாளை விரித்தார். விரித்து, இத்தனை வருஷம் எதைச் செய்தாரோ அதையே செய்தார். நட்டெல்லாம் ஒரு வரிசை. வாஷரெல்லாம் ஒரு வரிசை, சிறியதிலிருந்து பெரியதாக, ரப்பர் தனி, பிளாஸ்டிக் தனி. கம்பிகள் ஒரு பக்கம், குழாய்த் துண்டுகள் ஒரு பக்கம். எழுந்து நின்று பார்த்தார். பளபளவென்று, பார்க்கவே கண் நிறைந்தது.

மாட்டலாம் என்று குனிந்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

எந்த வாஷர் குண்டுக்கு முன்னால் போகும்? எது பின்னால்? இந்த நட்டு வளைகுழாயுடையதா, குறுக்குக் கம்பியுடையதா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பணிமனையில் கூட வேலை பார்த்த ஃபிட்டருக்குப் போன் போட்டார்.

"யோவ் ஸ்டோரு, கழட்டும்போது எதுக்கு அப்புறம் எது வந்துச்சு, அதைச் சொல்லு முதல்ல" என்றார் ஃபிட்டர்.

"அதை யாருய்யா பாத்தா? நட்டை நட்டோட வச்சிருக்கேன், வாஷரை வாஷரோட வச்சிருக்கேன்."

போனில் சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது. "இங்கேயும் வந்து கிடங்கு வச்சுட்டியா! எனக்கு எல்லாம் கண்ணால பாத்தாத்தான் ஆகும். மத்தியானத்துக்கு மேல வரேன்."

அவர்கள் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்கள், அதற்கு மேல் இவன் வந்து என்ன புண்ணியம்? தானே மாட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்தால் குண்டு இருந்த இடத்திலிருந்து பீய்ச்சி அடித்தது. கழற்றினார். வேறு மாதிரி மாட்டினார். இந்தத் தடவை மூடி மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மறுபடியும் கழற்றினார். கழற்றியதை, பழக்கதோஷம், மறுபடியும் வரிசை பிரித்து அடுக்கினார். வாசலில் கார் வந்து நின்றது.

மகள் அம்மாவின் தோளைத் தாங்கிக் கூட்டி வந்தாள். கூடத்தில் கால் வைத்ததும் செய்தித்தாளைப் பார்த்தாள். அப்பாவின் நனைந்த சட்டையைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

"அப்பா... இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்."

ஸ்டோர்காரர் தலையை நிமிர்த்தவில்லை. கையில் ஒரு வாஷரை வைத்து உருட்டிக்கொண்டே பேசினார். "நீ சொன்னது சரிதான்மா. கூட்டிட்டுப் போ. ஒரு அடைப்பு எடுக்கத் துப்பில்ல, நான் எங்கே உங்கம்மாவப் பாத்துக்கறது? அங்கேயாவது அவ சௌகரியமா இருக்கட்டும்." சொல்லிவிட்டு வாஷரை அதன் வரிசையிலேயே திரும்ப வைத்தார்.

அவர் மனைவி செய்தித்தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசை வரிசையாகப் பார்த்தாள். பெரிய வாஷருக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய வாஷர். நட்டுக்குப் பக்கத்தில் நட்டு. அவள் வாயோரம் கோணியது. மகள் பயந்துபோய், "அம்மா, என்ன பண்ணுது?" என்று பிடித்துக்கொண்டாள். ஒன்றும் பண்ணவில்லை. அவள் சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்க, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து யாரும் கேட்காத பெரிய சிரிப்பாக.

"ஏங்க, இது என்ன கண்காட்சியா? டிக்கெட் உண்டா?"

"கிண்டல் பண்ணாதே."

"நட்டை எல்லாம் ஒண்ணா வச்சா எது எங்கே போகும்னு எப்படித் தெரியும்? கழட்டற வரிசையில இல்ல வைக்கணும்?"

"ஸ்டோர்ல அப்படி வச்சா ஒரு நாள் ஓடாது" என்றார் அவர், ரோஷம் வந்தவராக.

"இது ஸ்டோர் இல்லீங்க, வீடு. அந்த ஸ்டூலை எடுத்துட்டு வாங்க."

மகள் குறுக்கே வந்தாள். "அம்மா, இப்பத்தான் வந்திருக்கே, முதல்ல படு."

"படுத்துப் படுத்து முதுகே தேஞ்சு போச்சு. நீ நகரு."

குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டாயிற்று. அவள் உட்கார்ந்தாள். செய்தித்தாளை அப்படியே இழுத்து அவள் காலடியில் வைத்தார்கள். அவள் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் உருட்டிப் பார்த்து, புதிதாக ஒரு வரிசை வைத்தாள். "இது முதல்ல உள்ளே போகும். அப்புறம் குண்டு. அதுக்கு மேல இது. கடைசியில நட்டு. இதெல்லாம் கீழ் வளைவோடது, அந்தப் பக்கம் தள்ளி வைங்க." இடது விரல்கள் தடுமாறின. ஒரு வாஷர் நழுவி உருண்டு ஓடியது. ஸ்டோர்காரர் பாய்ந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். எடுத்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா என்ன?

வளைகுழாய் சிரமமில்லாமல் ஏறிவிட்டது. குறுக்குக் கம்பிக்குத்தான் ஆள் இரண்டு பேர் வேண்டியிருந்தது. மூடியின் அடியில் ஒரு வளையம் இருக்கிறது, கம்பியின் முனை அதற்குள் நுழைய வேண்டும். மேலே ஒருவர் மூடியைத் திருப்பிப் பிடிக்க, கீழே ஒருவர் கம்பியை உள்ளே விட வேண்டும். மகள் மூடியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். இடுப்பை வாஷ்பேசினில் சாய்த்துக்கொண்டு, இடது கையைத் தொட்டிக்குள் விட்டு மூடியைப் பிடித்தாள்.

"விடுங்க கம்பியை."

"விட்டுட்டேன். மாட்டுச்சா?"

"எங்கே மாட்டுச்சு? காத்துல ஆட்டறீங்க. கொஞ்சம் கீழே."

"கீழேயா? எனக்கா, உனக்கா?"

"எல்லாருக்கும் கீழே ஒண்ணுதாங்க! ஆங்... இருங்க, இருங்க. ஆடாதீங்க." அவள் மூடியை நூலளவு திருப்பினாள். கம்பி வளையத்துக்குள் நுழைந்தது அவள் விரல் நுனியில் தெரிந்தது. "மாட்டிக்கிச்சு! நட்டைப் போடுங்க. கையால மட்டும். முறுக்கித் தொலைக்காதீங்க, உடைஞ்சுடும்."

கிளிப்பையும் மாட்டிவிட்டு ஸ்டோர்காரர் குழாயைத் திறந்தார். குண்டுக்கு அருகில் ஒரு சொட்டு துளிர்த்தது. அவர் ஸ்பேனரைத் தேடினார். "வேண்டாம். கையாலயே இன்னும் கால் சுத்து" என்றாள். திருகினார். சொட்டு நின்றது. அவள் குழாய்க்குப் பின்னால் இருந்த கம்பியை இடது கையால் தூக்கினாள், மூடி இறங்கியது. அமுக்கினாள், மூடி எழும்பியது. தேங்கிய தண்ணீர் களகளவென்று இறங்கி ஓடியது. மூன்று பேரும் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மகள்தான் முதலில் பேசினாள். "சரிம்மா, அடைப்பு போயிடுச்சு. நான் சொன்ன சொல்லு மாறல. ஆனா நீயே யோசிச்சுப் பாரு, ஒரு கையை வச்சுக்கிட்டு இந்த வீட்டுல..."

"கை ஒண்ணுதான்டி போச்சு. வாய் போகலையே" என்றாள் அவள். "உங்கப்பாவுக்கு ரெண்டு கை இருக்கு. என்ன பண்றதுன்னுதான் அதுங்களுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கறேன். உன் வீட்டுல எல்லாம் புதுசு, எதுவும் கெட்டுப்போகாது. அங்கே வந்து நான் என்ன பண்ணட்டும், சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? அதுவும் போக, இவரைத் தனியா விட்டா ஒரே வாரம்தான், வீட்டையே பிரிச்சு சைஸ் பாத்து அடுக்கி வச்சிடுவாரு."

மகள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த அம்மா இல்லை இது, பழைய அம்மா. எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்கிற அம்மா. அப்பாவைப் பார்த்துக் கையை விரித்தாள். "உங்க பாடு, அம்மா பாடு. நான் டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனாள்.

ஸ்டோர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியை எப்படித் தாங்க வேண்டும், எந்தக் கையால் தண்ணீர் மொண்டு முகத்தைத் துடைத்துவிட வேண்டும் என்றெல்லாம் ஆஸ்பத்திரி நர்சிடம் கேட்டுக்கேட்டுப் பாடம் பண்ணி வைத்திருந்தார். ஓடிப்போய்த் துவைத்த துண்டை எடுத்து வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

"வா, மூஞ்சி கழுவி விடறேன்."

"துண்டைக் குடுத்துட்டு வெளிய போங்க."

"இல்ல, தரையெல்லாம் ஈரம், வழுக்கும்..."

"போங்கன்னா!"

போனார். கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கையால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம், நடுவில் எதுவோ கீழே விழும் சத்தம், "சோப்புதான், சோப்புதான்" என்று அவள் உள்ளிருந்தே சொல்வது, மறுபடியும் தண்ணீர். ஸ்டோர்காரர் கதவில் காதை ஒட்டிக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார். கண்ணீர் தாடைவரை வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"கதவுகிட்ட நிக்காதீங்க. போங்க அந்தப் பக்கம்" என்றாள் உள்ளே இருந்து.

"போயிட்டேன்" என்றார் ஸ்டோர்காரர், நின்ற இடத்திலிருந்தே.